அப்பத்தாவோட பித்தளை டப்பாவும் ஒரு கிளாஸ் தண்ணியும்

எங்க அப்பத்தா போனதுக்கு அப்பறம் அவங்க டிரங்குப் பெட்டியில ஒரு பித்தளை டப்பா கெடச்சுது. உள்ள ஒத்தத் தோடு, அறுந்த சங்கிலித் துண்டு, நசுங்குன தாலிக்குண்டு, கருத்துப்போன கொலுசு, கொஞ்சம் பழைய வெள்ளி ரூவா. ரங்கூன்ல (யாங்கோன்னு என் வாயில இன்னும் வரல) நம்ம வீடுகள்ல இப்படி ஒரு டப்பா இருக்கும், ஏன்னா 1964, 1985, 1987னு மூணு தடவ நோட்டு செல்லாதுன்னு சொல்லிப் பாத்த ஜனங்க காகிதத்த நம்புறத விட்டுட்டு தங்கத்த நம்பப் பழகிட்டாங்க.

விக்கலாம்னு மொகல் ஸ்ட்ரீட் பக்கம் (இப்ப ஷ்வே பொந்தா தெரு) ரெண்டு மூணு கடை ஏறி எறங்குனேன், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வெல சொன்னாங்க. அப்பறந்தான் இவங்க எத வச்சு தரம் பாக்குறாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சேன். ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: ஒவ்வொரு சோதனையும் நகையோட வேற வேற எடத்தத்தான் பாக்குது, ஒரே சோதனையால எல்லாத்தயும் சொல்லிர முடியாது.

மொதல்ல அளவு. இங்க கணக்கு கியாத்தா, பே, யுவேல ஓடும், ஒரு கியாத்தாவுக்கு 16 பே, ஒரு பேக்கு 8 யுவே. கியாத்தாங்குறது 16 கிராமும் சொச்சமும், அதாவது நம்ம பவுன் ரெண்டுக்கு கொஞ்சம் மேல. கொழப்பம் என்னன்னா பேங்குறது எடைக்கும் வரும் தரத்துக்கும் வரும், 16 பே தங்கம்னா சுத்தத் தங்கம். அதனால கடைக்காரர் "பதினஞ்சு பே"ன்னு சொன்னா எடையச் சொல்றாரா தரத்தச் சொல்றாரான்னு கேட்டுக்கங்க.

இனி உரைகல். கருப்பு, லேசா சொரசொரன்னு இருக்குற கல்லு, நகைய அதுல இழுத்தா மெல்லிசா ஒரு கோடு விழும், பக்கத்துலயே தரம் தெரிஞ்ச ஆணிப்பொன்னால இன்னொரு கோடு, ரெண்டு மேலயும் ஆசிட் சொட்டு. செம்பு, வெள்ளி ரெண்டையும் நைட்ரிக் ஆசிட் கரைச்சிடும், தங்கத்த ஒண்ணும் பண்ணாது. பித்தளைக் கோடு பச்சையா பொங்கி காணாமப் போயிடும். ஆனா 22 காரட்ல நூத்துக்கு எட்டு பங்கு செம்பும் வெள்ளியும் இருக்கே, அது ஏன் கரையல? சுத்தி தங்க அணுக்கள் வேலி மாதிரி நெருக்கமா நிக்குது, ஆசிட்டால உள்ள நொழைய முடியல. இதத் தலகீழாப் பண்ணித்தான் தங்கத்தையே சுத்தம் பண்றாங்க, வேணும்னே வெள்ளியக் கூட்டி உருக்கி தங்கத்த கால் பங்குக்கு எறக்கிட்டா வேலி ஒடஞ்சிடும், அப்ப நைட்ரிக் ஆசிட் மிச்சத்தையெல்லாம் தின்னுட்டு தங்கத்த மட்டும் விட்டுரும். எவன் கண்டுபிடிச்சானோ, கெட்டிக்காரன். 22 காரட்டுக்கும் 18 காரட்டுக்கும் வித்தியாசம் பாக்கணும்னா உப்பு ஆசிட்டும் கலந்த கலவை வேணும், ரெண்டும் சேந்தாத்தான் தங்கமே கரையும், எந்தக் கோடு சீக்கிரம் மங்குதுன்னு கண்ணால பாக்குறாங்க. ஆக கண்ணு பழகணும், வெளிச்சம் வேணும், நேர்மையும் வேணும்.

பெரிய கடையில எக்ஸ்ரே மெஷின் இருக்கு. எக்ஸ்ரே பட்டதும் அணுவோட உள்வட்டத்துல இருந்து ஒரு எலக்ட்ரான் தெறிச்சுப் போகும், வெளிவட்டத்துல இருக்குறது அந்த எடத்துக்கு எறங்கும், எறங்கும்போது அதுவும் ஒரு எக்ஸ்ரே விடும், அதோட சக்தி தங்கத்துக்கு ஒண்ணு செம்புக்கு ஒண்ணு, கைரேக மாதிரி. அழகான வேல, ஆனா தங்கத்துல அது பாக்குற ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குதான். தடியா முலாம் போட்ட கவரிங்கயும் அது தங்கம்னு சொல்லிரும். அதான் அரத்தால ஒரு கீறல் போட்டுட்டு மறுபடி வைக்கச் சொல்றது.

உள்ள வரைக்கும் பாக்குறது நம்ம தண்ணிதான். 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு ஒண்ணு வாங்கிக்கங்க, சமையக்கட்டுத் தராசு உதவாது. நகைய எடை போடுங்க. அப்பறம் தராசு மேல ஒரு கிளாஸ் தண்ணி வச்சு சைபர் பண்ணிட்டு, நகைய நூல்ல கட்டி அடியத் தொடாம, குமிழி இல்லாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. தராசு காட்டுறது நகை ஒதுக்குன தண்ணியோட எடை. மொத எடைய இதால வகுத்தா அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3, 22 காரட் 17.6லேந்து 18, பதினெட்டு காரட் 15க்கு மேல, வெள்ளி 10.5, செம்பு 9, பித்தளை எட்டரை. என் சங்கிலித் துண்டு 12.40 கிராம், தண்ணி 0.70, வகுத்தா 17.7. ஒரு கடையில அத 18 காரட்னாங்க! ரெண்டு கிராம் தோட்டுக்கு இது சரிப்படாது, ஒதுக்குற தண்ணியே 0.11தான், கடைசி எலக்கம் ஒண்ணு தப்புனா கணக்கே போச்சு.

தண்ணிய ஏமாத்துறது டங்ஸ்டன், அடர்த்தி 19.25. நம்ம தவாய், மாச்சி சுரங்கத்துல தோண்டுற உல்ஃப்ரம் இருக்கே, அதுலேந்து எடுக்குறதுதான். ஆனா அது நொறுங்கும், உருக 3400 டிகிரி தாண்டணும், அதனால கட்டிக்குள்ள ஒளிப்பாங்களே தவிர தோடு சங்கிலில வராது.

வெள்ளி ரூவா தனிக் கத. வெள்ளக்காரன் காலத்து விக்டோரியா ராணி தலையும் பழைய ராசா தலையும் போட்டது ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி. 1940லேந்து 1945 வரைக்கும் வந்தது பாதிதான் வெள்ளி. 1947 ரூவா நிக்கல், காந்தத்துல ஒட்டிக்கும். மயில் போட்ட, பர்மாவ ஆண்ட மிண்டோன் ராசா காசு இருந்தா உருக்குற கடைக்குக் கொண்டு போயிராதீங்க, காசு சேக்குறவங்ககிட்ட காட்டுங்க. கொலுசு கருப்பா இருக்கேன்னு வெலயக் கொறைக்க விடாதீங்க, அது காத்துல இருக்குற கந்தகம் மேல படிஞ்ச தோல், உள்ள வெள்ளி அப்படியேதான் இருக்கு.

தாலிக்குண்டுதான் என்னய மெரட்டுச்சு. ரெண்டும் சேத்து 3.10 கிராம், தண்ணி 0.40, அடர்த்தி 7.75, பித்தளைக்கும் கீழ. ஆனா உரைகல்லுல கோடு 22 காரட்டா நிக்குது. அப்ப உள்ள பொள்ளலா அடிச்சு அரக்கு ஊத்தியிருக்காங்க. அரக்கோட அடர்த்தி 1.1னு வச்சு கணக்குப் போட்டா அரக்கு கால் கிராம்தான், மிச்சம் 2.8 தங்கம். கடையில "அரக்குக்குப் பாதி கழிவு தம்பி"ன்னாங்க, நான் "அப்ப என் முன்னாடியே உருக்குங்கண்ணே"ன்னேன். ஊதுகுழல் அடிச்சாரு, அரக்கு பொகஞ்சு ஓடுச்சு, ஆறுனதும் தராசுல வச்சாரு. 2.82.