கரும்பொருள்: சொல் விளக்கம்

'டார்க் மேட்டர்' என்பதற்குத் தமிழில் புழங்கும் சொல். 'இருண்ட பொருள்' என்றும் எழுதுகிறார்கள். ஒளியை உமிழாமலும் உறிஞ்சாமலும், ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டுவதாகக் கருதப்படும் பொருள் இது.

சொல்லைப் பரப்பியவராக சுவிட்சர்லாந்து வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கியைச் சொல்வது வழக்கம். 1933இல் விண்மீன் மண்டலங்கள் திரண்ட கோமா கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஓடும் வேகத்துக்குக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறாமல் நிற்க, கண்ணுக்குத் தெரிவதைப் போல் 400 மடங்கு பொருள் தேவை என்று கணக்கிட்டு, 'டுங்க்லே மட்டேரியே' என்று ஜெர்மனில் எழுதினார். தொலைவுக் கணக்கு பின்னாளில் திருத்தப்பட்டதில் 400 வெகுவாகக் குறைந்தது, பற்றாக்குறை தீரவில்லை. ஆனால் சொல் அவருடையதல்ல. 1906இல் கணிதவியலாளர் புவான்காரே பிரெஞ்சிலும், 1922இல் டச்சு வானியலாளர் காப்டைன் ஆங்கிலத்திலும் அதை ஆண்டிருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது அணைந்த விண்மீன், தூசு, வாயு போன்ற சாதாரணப் பொருளைத்தான். புதுவகைத் துகள் என்ற அர்த்தம் பிற்பாடு ஏறியது.

பொருள் குறைகிறதா, விதி தவறா? இந்தக் கேள்வி பழையது. யுரேனஸ் தடம் பிசகியபோது, காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பிசகுக்கும் 'வல்கன்' என்று ஒரு கோளைச் சொன்னார். அப்படி ஒன்று இல்லவே இல்லை; 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதியதும் கணக்கு நேரானது.

விதியை மாற்றும் அந்த இரண்டாம் வழியில் வந்தவர் இஸ்ரேலிய இயற்பியலாளர் மில்க்ரோம். முடுக்கம் மிகமிகச் சிறிதாகும்போது, அதாவது புவிப்பரப்பின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறையும்போது, நியூட்டனின் விதி மாறுகிறது என்று 1983இல் முன்வைத்தார். 'மோண்ட்' எனப்படும் இக்கருத்து சுருள் மண்டலங்களின் சுழற்சியை வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்கிறது. கொத்துகளிடம் வந்தால் தடுமாறுகிறது. இரு கொத்துகள் மோதிக் கடந்த புல்லட் கொத்தில், சாதாரணப் பொருளின் பெரும்பகுதியான வாயு பின்தங்க, ஈர்ப்பின் மையம் மண்டலங்களோடு முன்னே சென்றிருப்பதை 2006இல் காட்டினார்கள். என் தராசு கரும்பொருள் பக்கமே சாய்கிறது. ஆனால் நிலத்தடி ஆய்வகங்களில் இத்தனை ஆண்டுகள் தேடியும் அந்தத் துகள் உறுதியாக அகப்படவில்லை என்பதை மறைக்க முடியாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கரியது ஒளியை விழுங்கும். இதுவோ ஒளியை ஊடுருவ விடுகிறது. அந்தக் குறை மூலச்சொல்லுக்கும் உண்டு என்பதால் விட்டுவிடலாம். தொல்லை வேறிடத்தில்: ஒரு மெய் பிசகினால் தொல்காப்பியத்துக் 'கருப்பொருள்' வந்து நிற்கும், அச்சுப்பிழை தேடுபவர் கண்ணுக்கும் தப்பும். 'புலப்படாப் பொருள்' எனக்கு இன்னும் பிடிக்கும் என்றாலும் புழக்கம் கரும்பொருளிடமே இருக்கிறது. விவாதத்தைப் பற்றி எழுதும்போது மட்டும், தெரியும் நிறைக்கும் ஈர்ப்பு காட்டும் நிறைக்கும் உள்ள இடைவெளியை 'நிறை முரண்பாடு' என்று தொடங்குவது நல்லது; 'பொருள்' என்று சொன்ன கணமே தீர்ப்பு ஒரு தரப்புக்குப் போய்விடுகிறது.