கரண்டை ஏற்றினால் ரூட் இறங்கிவிடாது

வளைகுடா வேலைக்கான டிரேட் டெஸ்டுக்குத் தயாராகும் இளைஞர்கள் வெல்டு செய்த இரண்டு அங்குலக் குழாய்களைச் சோதிப்பது திருச்சியில் என் அன்றாட வேலைகளில் ஒன்று. வெளியே மேல் அடுக்கான கேப்பிங் வரிவரியாக அழகாகவே இருக்கிறது. அதே குழாயை நெடுக்காக அறுத்து உட்புறத்தைப் பார்த்தால், பெவலின் (குழாய் முனையில் கடைந்த சரிவின்) இரு விளிம்புகளும் கடைந்தபோது இருந்த கூர்மை மாறாமல் எதிரெதிரே நிற்கின்றன; அதாவது, ரூட் எனும் அடி அடுக்கு அங்கே உருகிச் சேரவே இல்லை. காரணம் கேட்டால், "கரண்ட் கொஞ்சம் கம்மியாப் போச்சு சார்" என்கிறார்கள். சென்ற வாரமும் இதே பதிலைக் கேட்க நேர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

கரண்டை ஏற்றினால் பெனட்ரேஷன் (உருகல் ஆழம்) தானாக இறங்கும் என்ற நம்பிக்கையைப் பட்டறைகளில் யாரோ விதைத்துவிட்டார்கள். இரு குழாய்களையும் இடைவெளியின்றி முட்டவைத்து ஆம்பியரை உயர்த்தினால் உருகிய உலோகம் பெவலுக்குள் அகலமாகப் பரவுமே தவிர, அடி விளிம்புக்குப் போகாது. ஆர்க்கின் (மின்பொறியின்) வேகத்தை அடியில் கிடக்கும் உருகிய குழம்பே தாங்கிக்கொள்வதால், அதற்குக் கீழே உள்ள உலோகம் உருகுவதே இல்லை. இன்னும் ஏற்றினால் பக்கச் சுவர்களில் அண்டர்கட் எனும் பள்ளம் விழும். அதற்கும் மேலே ஏற்றினால் ஓரிடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே உலோகம் துளித்துளியாகத் தொங்கும், பக்கத்து இடமோ உருகாமலேயே கிடக்கும். ஷெட்யூல் 80 (சுவர்த் தடிமன் வகை) கொண்ட இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 5.54 மி.மீ.; ஆக, உள்ளே இருப்பது சுமார் 49 மி.மீ. வழிதான். அதில் தொங்கும் துளிகள் ஓட்டத்தை மறிப்பதோடு, ஒருநாள் உடைந்து வால்வில் போய் உட்காரும். பாய்லர் டியூப்களை வெல்டு செய்தபின் உள்ளே குண்டு உருட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ரூட்டின் தலைவிதி வெல்டிங் ராடைப் பற்றவைப்பதற்கு முன்பே, ஃபிட்-அப்பில் (குழாய்களைப் பொருத்தி நிறுத்துவதில்) பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 6010 வகை ராடில் மேல்நோக்கிப் போவதாக இருந்தால், பெவல் பக்கத்துக்கு 30 முதல் 37.5 டிகிரி, ரூட் ஃபேஸ் (சரிவின் அடியில் விடும் தட்டை விளிம்பு) 1.5 முதல் 2 மி.மீ., இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சை உதிர்த்த 2.5 மி.மீ. ராடுக் கம்பியை வளைத்து நடுவே செருகினால் சுற்றிலும் ஒரே இடைவெளி கிடைக்கும். டேக் (குழாய்களைப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) இறுகும்போது இடைவெளி குறையும் என்பதால், டேக் போட்ட பிறகு மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு டேக்கின் இரு முனைகளையும் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். தடித்த டேக்கின் மேல் ரூட்டை ஏற்றிக்கொண்டு போனால் அந்த இடம் உருகாமல் நிற்கும். இரு குழாய்களின் உள்விளிம்புகளுக்கிடையே 1.5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் எவ்வளவு தேர்ந்த கையும் ஒரு பக்கத்தைத் தவறவிடும்.

ராடைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கம்பிக்குப் பயன்படும் 6013-ஐ எடுத்துவந்து திறந்த இடைவெளியில் ரூட் போட முயலாதீர்கள். அதன் ஸ்லாக் (உருகிய பூச்சின் கசடு) குழம்புக்கு முன்னே ஓடி இடைவெளியை அடைத்துவிடும். 6010-ஐ டிசி-யில், ஹோல்டரைப் பாசிட்டிவில் இணைத்து ஓட்ட வேண்டும். ஏசி டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே இருந்தால் 6011-தான் வழி. ஈரம் ஆகாத 7018 ராடை ஓவனில் வைப்பவர்கள் அக்கறையாக 6010-ஐயும் கூடவே அடுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! அந்தப் பூச்சிலுள்ள ஈரப்பதம் போனால் ஆர்க்கின் வேகமும் போய்விடும். குரோம்-மாலிப்டினம் குழாய் என்றால் 6010-ஐத் தொடவே வேண்டாம், டிக் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்ட) முறையில் போடும் ரூட்தான் சரி.

இனி கை வேலை. 2.5 மி.மீ. ராடுக்கு 50 முதல் 80 ஆம்பியருக்குள் ஒரு நிலையைத் துண்டுக் குழாயில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் கண் பார்க்க வேண்டியது கீஹோலை மட்டுமே. ராடின் விட்டத்தைவிடச் சற்றே பெரிய அந்தத் துளை உங்கள் முன்னே நகர்ந்துகொண்டே வந்தால், இரு விளிம்புகளும் உருகுகின்றன என்று பொருள். துளை பெரிதானால் ராடைச் சாய்த்து, முன்னே வீசித் திரும்பும் அசைவைக் கூட்டி, குழம்பைக் குளிரவிட வேண்டும். துளை மூடிக்கொண்டு வந்தால் ராடை நிமிர்த்தி உள்ளே தள்ள வேண்டும். அடிப்பகுதியில் ஆர்க் குழாய்க்குள் எரியும் இரைச்சல் காதில் கேட்கும்படி ராடை உள்ளே தள்ளிப் பிடிக்காவிட்டால், ரூட் உட்புறம் குழிந்துவிடும். சின்னக் குழாயில் தொல்லை என்னவென்றால், ராடின் கோணத்தை ஒவ்வொரு அங்குலத்துக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது, சூடும் சீக்கிரம் ஏறிவிடுகிறது. அடியில் சரியாக ஓடிய அதே கரண்டு மேலே போகும்போது அதிகமாகத் தெரிவது அதனால்தான். ஆகவே பற்றவைக்கும் முன் வெறும் ராடோடு ஒருமுறை முழுச் சுற்றும் கையை ஓட்டிப் பாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ராடு மாற்றும் இடத்தில் முனையைச் சரிவாகத் தேய்த்து, ஒரு சென்டிமீட்டர் பின்னாலிருந்து தொடங்கி, துளைக்கு வந்ததும் உள்ளே அழுத்துங்கள். ரூட் முடிந்ததும் ஓரங்களில் ஒளிந்திருக்கும் ஸ்லாக்கைக் கிரைண்டர் கொண்டு எடுக்காமல் ஹாட் பாஸ் (இரண்டாவது அடுக்கு) போடக் கூடாது.

"ஹைட்ரோ டெஸ்டில் கசியவில்லையே" என்று, நீரை நிரப்பி அழுத்திப் பார்த்த சோதனையைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. பாதிச் சுவர் மட்டும் சேர்ந்த மூட்டும் அன்றைய அழுத்தத்தைத் தாங்கக்கூடும். அதிர்வும் சூடும் மாறிமாறி வரும் லைனில் அந்த உருகாத விளிம்பிலிருந்துதான் பிளவு புறப்படும். ரூட் பக்கம் வெளியே வரும்படி துண்டை வளைக்கும் ரூட் பெண்ட் சோதனை இந்த ஒளிவுமறைவுக்கு இடம் தருவதில்லை. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிகளின் செக்‌ஷன் 9-இன்படி வளைத்த பரப்பில் 3 மி.மீ.க்கு மேல் திறந்த குறை இருந்தாலே நிராகரிப்பு.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு மூட்டைக் கொடுத்துவிட்டு எக்ஸ்ரேயில் போனதும் வெல்டரைத் திட்டுவது நியாயமல்ல. ஃபிட்டருக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். வெல்டர்களே, இடைவெளி இல்லாத மூட்டு கைக்கு வந்தால் கரண்டுத் திருகைத் தொடாதீர்கள், மூட்டைத் திருப்பிக் கொடுங்கள். அவசரம் என்று யாராவது சொன்னால், டேக்கை வெட்டிவிட்டு மெல்லிய டிஸ்க்கால் இடைவெளியைத் திறந்தபிறகே ராடை ஹோல்டரில் மாட்டுங்கள்.