ஒரு வேலி, மூன்று காணி

போன ஆவணியில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வளவை விற்க, உறுதி எழுதும் என்னிடம் வந்தார். வீடும் வளவுமாக 3 ஏக்கர். பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவிக்கு மாதாமாதம் டவுனில் கிளினிக், இனித் தோட்டம் பார்க்க ஏலாது. "ஆள் பார்த்தாச்சு, விலையும் பேசியாச்சு தம்பி. உறுதியை எழுதினால் சரி" என்று ஒரு சொப்பிங் பையை மேசையில் வைத்தார். உள்ளே இருந்ததை விரித்துப் பார்த்ததும் அன்றைக்கு எதையும் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

ரோட்டோரம் வீடு நிற்கும் அரை ஏக்கருக்கு உறுதி இருந்தது. பின்னால் தென்னை நிற்கும் ஒன்றரை ஏக்கர், பேமிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதற்கும் பின்னால் ஒரு ஏக்கர் வயல். அதைப் பல வருடமாக இன்னொருவர் வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்துச் செய்கிறார். சுற்றிவர ஒரே வேலி என்பதால் ஆசிரியருக்கு அது ஒரு வளவு. சட்டத்துக்கு மூன்று காணி.

முதலில் வீடு. உறுதியில் ஆசிரியரின் பெயரே இல்லை. மட்டக்களப்பில் இது புதினமில்லை, வீடு மகளுக்குத்தான் போகும். மாமியார் தன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு மகளுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். ஆகவே விற்க வேண்டியவர் மனைவி. மாமியாரின் மரணச் சான்றிதழும் வேண்டும். ஆள் பார்த்து, விலை பேசி, முற்பணமும் வாங்கிய மனிதருக்கு அந்த வீட்டில் கையொப்பம் வைக்க உரிமை இல்லை. பாவம், முகம் சுருங்கிப் போய்விட்டது.

சிக்கல் முழுக்கத் தென்னங்காணியில்தான். பேமிட் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாமனார் பெயரில் கொடுக்கப்பட்டது. அவர் தனக்குப் பின் காணி யாருக்கு, அதாவது பின்னுரித்தாளர் யார் என்று பதியாமலே காலமாகிவிட்டார். நம்மவர்கள் "இது மகளுக்கு" என்று வாயால் சொல்லிவிடுவார்கள், ஊரும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பெயர் பதியாவிட்டால், பேமிட்காரருடைய மனைவியின் காலத்துக்குப் பிறகு, அந்தச் சட்டம் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுத்தது. ஊர் வழமை மகள் பக்கம், சட்டம் மகன் பக்கம். 2022 இல் திருத்தம் வந்து இந்த ஆண்-பெண் வேற்றுமை நீங்கியது. இவருடைய மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். ஆகவே மனைவியின் அண்ணனைக் கேட்காமல் ஒரு அடி நகர முடியாது.

பேமிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. முத்திரைக் கடதாசியில் ஒப்பந்தம் எழுதி வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்தது மட்டும்தான் உண்மை. அப்படி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

வயலை வாங்குகிறவர் செய்கைக்காரரையும் சேர்த்தே வாங்குகிறார் என்று வையுங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவரைக் காக்கிறது. உரிமையாளர் மாறினார் என்பதற்காக அவரை எழுப்ப முடியாது. வயலை மண்போட்டு நிரவி வீட்டுக் காணியாக்கலாம் என்று தரகர் சொன்னாலும் நம்பாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

விலைக் கணக்கு இன்னொரு தலையிடி. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு, முன்பு "பாதை" என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடந்த ஊர்களிலும் ரோட்டோரக் காணியைப் பேர்ச் கணக்கில் பேசுகிறார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச் என்று முன்பக்க விலையால் வளவு முழுவதையும் பெருக்கிக்கொண்டு வருவார்கள். பின்பக்கத்துக்கு அந்த விலை யாரும் தரமாட்டார்கள். வாங்குகிறவர் வங்கிக் கடனை நம்பியிருந்தால் இன்னும் கஷ்டம். வங்கி பார்ப்பது உறுதியையும் வழியையும்தான், காய்க்கிற தென்னையை அல்ல.

பழைய உறுதிகளில் அளவு "பாகம்" கணக்கில், அதாவது இரு கை விரித்த நீளத்தில் இருக்கும். எல்லையோ எப்போதோ இறந்துபோனவரின் வளவு, அல்லது ஒரு தென்னை. அந்தத் தென்னை 1978 சூறாவளியில் விழுந்திருக்கும். ஆகவே விலை பேசுவதற்கு முன்பே உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புது வரைபடம் கீறுங்கள். இடப்பெயர்விலோ சுனாமியிலோ உறுதி தொலைந்திருந்தால் உடனே, காணி தன்னுடையது என்று தானே அறிவிக்கும் வெளிப்படுத்தல் உறுதி எழுத ஓடாதீர்கள். பழைய உறுதியை எழுதிய நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார், முதலில் அங்கே தேடுங்கள்.

யானை வருமா, மார்கழியில் வெள்ளம் நிற்குமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வளவுக்காரர் எப்படியும் சொல்வார். கிணற்றை மட்டும் ஆவணியில் காட்டுங்கள். அந்தக் கோடையில் தண்ணீர் நின்றால் வேறு பேச்சு வேண்டாம்.

ஆசிரியரின் முற்பணம் திரும்பப் போனது. வீட்டுத் துண்டைப் பங்குனியில் மனைவி கையொப்பம் வைத்து வேறொருவருக்கு விற்றார். விற்கும்போது பின்பக்கத்துக்குப் போக 12 அடி வழி விட்டு அதை வரைபடத்திலும் உறுதியிலும் எழுதினோம்; இல்லாவிட்டால் மீதிக் காணி அடைபட்டுப் போயிருக்கும். வயலைச் செய்கைக்காரரே வாங்கிக்கொண்டார், விலை கொஞ்சம் குறைவுதான். தென்னங்காணிக் கோப்பு இன்னும் பிரதேச செயலகத்தில் கிடக்கிறது. மச்சான் கனடாவிலிருந்து ஆடியில் வருகிறாராம்.