மேலுதைப்பு: தண்ணீர் நம்மைத் தாங்குவதற்குச் சரியான சொல் எது?

"மூச்ச இழுத்துப் புடிச்சுக்க. தலையத் தூக்காத. தண்ணி உன்னத் தாங்கும்."

ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியபோது சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டியிருந்தது. நாலாவது நாள் அதை அவிழ்த்துவிட்டார். பயத்தில் நான் கத்தினேன். கத்திய அடுத்த நொடி முங்கிப்போனேன். கத்தும்போது நெஞ்சில் இருந்த காற்று போய்விட்டது என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஆனால் 'தண்ணி தாங்கும்' என்ற பேச்சு அன்றே மனதில் ஒட்டிக்கொண்டது. தாங்குவது தண்ணீருடைய வேலை. இந்த விசைக்கு நாம் வைக்கும் பெயரிலும் அது தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் இதற்குப் 'பாயன்சி' என்று பெயர். அதன் அடியில் இருப்பது கடலில் மிதக்கவிடும் அடையாள மிதவையின் பெயர். ஸ்பானிய மொழியில் மிதப்பதைக் குறிக்கும் 'போயார்' என்ற வினையின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. போர்த்துகீசியத்தில் அந்த மிதவை 'போயா'. நம் மீன்பிடித் துறைகளிலும் 'போயா' என்று சொல்லக் கேட்கலாம். அதற்கும் முந்திய வேர் எது என்பதில் இரண்டு கருத்து உண்டு. மிதவையைப் பிணைத்திருக்கும் சங்கிலி என்பது ஒன்று; கலங்களுக்குக் காட்டும் அடையாளம் என்பது மற்றொன்று. எப்படியானாலும், மிதக்கிற பொருளைப் பார்த்துப் பிறந்த சொல் அது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதை 'மிதப்பு விசை' என்று எழுதுகிறோம். நல்ல தமிழ்தான், ஆனால் ஓர் இடத்தில் இடறுகிறது. கிணற்றின் அடியில் கிடக்கும் கல்லின் மேலும் இந்த விசை உண்டு. மூழ்கிக் கிடக்கிற கல்லுக்கு மிதப்பு விசை என்றால் படிக்கிற பிள்ளை குழம்பத்தானே செய்யும்?

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை பூப்போல வரும். விளிம்பு மேல்மட்டத்தைத் தாண்டியதும் கயிறு விறைக்கும், தோள் இறங்கும், உள்ளங்கை காந்தும். வாளி மிதக்கவில்லை. ஆனாலும் அதுவரை ஏதோ ஒன்று கீழிருந்து தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்த விசையை 'மேலுதைப்பு' என்கின்றன. மேல், உதைப்பு: மேல்நோக்கி உதைப்பது. பொருள் மிதந்தாலும் மூழ்கினாலும் இந்தச் சொல் பொய்யாகாது. உதைப்பது யார் என்பதும் இதில் தெரிகிறது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும். அதனால் ஒரு பொருளின் அடிப்பக்கத்தில் விழும் அழுத்தம் மேல்பக்கத்தில் விழுவதைவிட அதிகம். அந்த வித்தியாசம்தான் மேலே தள்ளுகிறது. பொருள் அமிழ்ந்ததால் இடம்பெயர்ந்த நீரின் எடை எவ்வளவோ, உதைப்பும் அவ்வளவு. சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடிஸ் இதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். ஆகவே விசைக்கு மேலுதைப்பு, நீர் மேல் நிற்கும் நிலைக்கு மிதப்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

'மிதப்பு' பழைய வேரிலிருந்து வந்த சொல். புறநானூறு 215ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் 'அம்புளி மிதவை' என்கிறான். ஆய்மகள் வேளைப்பூவைத் தயிரோடு சேர்த்து ஆக்கிய புளிங்கூழ் அது. அன்று கூழுக்கு இருந்த பெயர் இன்று கடலில் கட்டும் போயாவுக்கு வந்துவிட்டது. பேச்சில் 'அவன் மிதப்புல இருக்கான்' என்றால் அது வேறு சங்கதி.

சரி, நம் உடம்புக்கு வருவோம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை ஒரு கிலோ. கொழுப்பு அதைவிட இலேசு, லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ. தசை சுமார் 1.06 கிலோ. எலும்பு இன்னும் கனம். எல்லாம் சேர்ந்த உடம்பு தண்ணீருக்கு மிக அருகில்தான் நிற்கிறது. தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவுசெய்வது நுரையீரல்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூச்சை நிறைய இழுத்திருக்கும்போது அவர் உடம்பின் கனஅளவு சுமார் 61 லிட்டர். முழுக்க அமிழ்ந்தால் மேலுதைப்பு 61 கிலோ எடைக்குச் சமம். ஆள் 60 கிலோ. ஒரு கிலோ மிச்சம், எனவே மிதப்பார். மூச்சை முழுக்க வெளியே விட்டால் நாலைந்து லிட்டர் குறைந்து கனஅளவு 57 லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது மூன்று கிலோ பற்றாக்குறை, கீழே போவார்.

அந்த ஒரு கிலோ மிச்சத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மனிதத் தலையின் எடை மட்டும் நாலரை, ஐந்து கிலோ. அதை முழுசாக நீருக்கு மேலே தூக்கி வைக்க இந்த மிச்சம் போதாது. முகத்தை வெளியே வைக்கத்தான் காணும். அதனால்தான் மல்லாந்து, காது நனையப் படுத்தால் மிதக்க முடிகிறது. தலையைத் தூக்கினால் உடம்பு இறங்குகிறது. தத்தளிப்பவர் இரண்டு கையையும் மேலே நீட்டும்போது நடப்பதும் இதுதான். ஒரு கையே கிட்டத்தட்ட மூன்று கிலோ. நீருக்குள் இருந்தவரை அதன் பாரத்தை நீர் சுமந்தது. வெளியே வந்ததும் முழுப் பாரமும் உடம்பின் மேல் விழுகிறது, முகம் உள்ளே போகிறது. நீச்சல் பழகும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஒல்லியாக, தசைக்கட்டோடு இருப்பவர்களுக்குக் கால் முதலில் இறங்கும். காற்று நெஞ்சில் இருப்பதால் உதைப்பின் மையம் நெஞ்சுப் பக்கம் அமைகிறது. எடையின் மையம் தொப்புளை ஒட்டி இருக்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்வரை உடம்பு சுழன்று கால் தாழும். இது சாதாரணம், பயப்பட வேண்டாம். கைகளைத் தண்ணீருக்குள்ளேயே தலைக்குப் பின்னால் நீட்டினால் சமன் கொஞ்சம் திரும்பும்.

கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் அங்கே மிதப்பு சற்று எளிது. இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் இடையில் உள்ள சாக்கடலில் உப்பு சுமார் 34 சதவீதம். ஒரு லிட்டர் 1.24 கிலோ. அங்கே உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே நிற்கும். ஆனால் குப்புற விழுந்தால் திரும்பிப் படுப்பது சிரமம்.

ஆழம் கூடினால் கணக்கு தலைகீழாகும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, நெஞ்சில் அடக்கிய காற்று பாதிக் கனஅளவுக்குச் சுருங்கும். உதைப்பு குறையும், உடம்பு தானே கீழே இறங்கத் தொடங்கும். மேல்மட்டத்தில்தான் தண்ணீர் ஆளை உள்ளே விடுவதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கியது அதற்காகத்தான்.

மூழ்குவதற்கு நம்மிடம் ஒரு சொல்லா இருக்கிறது? முங்குவது, அமிழ்வது, ஆழ்வது, தாழ்வது. என் காதுக்கு இவை ஒன்றல்ல. முங்கியவர் எழுந்து வருவார், 'முங்கிக் குளி' என்கிறோம். ஆழ்ந்தது அடியில் தங்கும். 'சுரையாழ அம்மி மிதப்ப' என்று ஒரு பழம்பாட்டு உண்டு. சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு இலக்கண உரைகள் காட்டும் உதாரணம் அது. மிதப்பது சுரை, ஆழ்வது அம்மி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். என் முதுகில் கட்டியிருந்த அதே சுரைதான்.

அந்தப் பாட்டின் அடுத்த வரி 'யானைக்கு நீத்து முயற்கு நிலை'. இதையும் மாற்றிப் படிக்க வேண்டும்: யானைக்கு நிலை, முயலுக்கு நீத்து. கால் தரையில் ஊன்றும் ஆழம் நிலை. ஊன்றாமல் நீந்தித்தான் ஆக வேண்டிய ஆழம் நீத்து. நீத்து வழக்கொழிந்துவிட்டது, நிலை இன்னும் கிராமத்துக் கிணற்றடியில் உயிரோடு இருக்கிறது. 'அங்க போகாத, நிலைக்காது' என்று கத்துவார்கள். ஆற்றங்கரைகளில் 'ஆழமான பகுதி' என்று பலகை வைக்கிறார்கள். எத்தனை அடி என்று தெரியாத ஒரு பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? 'இங்கே நிலை இல்லை' என்று எழுதினால் கால் வைக்கும் முன்பே புரியும்.