போம்: செம்பனை ஆலைக் கழிவுநீர்

பாம் ஆயில் மில் எஃப்ளூயன்ட் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் 'போம்', அதாவது பாமாயில் எடுக்கும் ஆலையிலிருந்து வரும் கழிவுநீர். எஃப்ளூயன்ட் லத்தீன் வழி வந்தது. வெளியே வழிந்தோடுவது என்று பொருள். பாம் என்பதும் லத்தீனே. உள்ளங்கையைக் குறிக்கும் 'பால்மா'வை, விரித்த கைபோன்ற ஓலை கொண்ட மரத்துக்கும் சொன்னார்கள்.

தமிழில் பலர் 'பாமாயில் கழிவு' என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. வெற்றுக் குலை, நார், கொட்டை ஓடு எல்லாமே ஆலைக் கழிவுதான். நாரும் ஓடும் கொதிகலனில் எரிகின்றன, வெற்றுக் குலை தோட்டத்துக்கே உரமாகப் போகிறது. பெரிய தொல்லை நீரில்தான்.

குலைகளை நீராவியில் வேகவைக்கும்போது வடிவது, எண்ணெயைத் தெளியவைத்தபின் மிஞ்சும் சேற்று நீர், பருப்பிலிருந்து ஓட்டைப் பிரிக்கும்போது வருவது, இந்த மூன்றும் கலந்ததே போம். ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் 2.5 முதல் 3.5 டன் வரை சேரும். பழுப்பு நிறம், புளித்த வாடை, மேலே எண்ணெய் ஆடை. ஆலையை விட்டு வரும்போது 80 டிகிரிக்கு மேல் சூடு. 95 சதவீதம் தண்ணீர்தான், ரசாயனமும் சேர்ப்பதில்லை. அதனால் இது நஞ்சில்லை என்பார்கள். சரி, ஆனால் இதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டால் மீன் எதை மூச்சுவிடும்? அந்த ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரில் சில நூறுதான்.

மலேசியா 1977-இல் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. 1978-இல் 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாக இறுக்கப்பட்டு 1984-இல் 100 ஆனது. ஆலைகள் தொடர் குளங்கள் வெட்டின. காற்றுப்படாத குளங்களில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும், அடுத்து வரும் காற்றுள்ள குளங்களில் மிச்சம் கரையும். ஆறு தப்பியது, ஆனால் குளத்தில் குமிழியிட்டு வரும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வானுக்குப் போனது. குளத்தை மூடி அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இப்போது உண்டு. எல்லா ஆலைகளும் அதைச் செய்தாக வேண்டும் என்பேன்.

பாமாயில் தரும் இந்த மரத்தை மலேசியத் தமிழர்கள் செம்பனை என்கிறார்கள். தோட்டத்தில் உழைத்தவர்கள் வாயில் புழங்கிய அருமையான சொல் அது. பாமாயிலை விட நமக்கு அதுவே நெருக்கம். முதல் முறை 'செம்பனை ஆலைக் கழிவுநீர்' என்று முழுதாக எழுதுங்கள், அப்புறம் 'ஆலைக் கழிவுநீர்' என்றாலே விளங்கும்.