ரயில்கள் மெட்ராஸ் மணிக்கு ஓடிய காலம்

சென்ட்ரலில் திருவள்ளூர் வண்டி ஏறித் திருநின்றவூரில் இறங்குங்கள். இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணியைத்தான் காட்டும். சூரியனுக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது. திருநின்றவூரில் உச்சிவேளை சென்ட்ரலைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 108 கிலோமீட்டர். ஆக, நேர் மேற்கே 27 கிலோமீட்டர் போனால் ஒரு நிமிடம் பின்தங்கிவிடுவோம். மாட்டுவண்டிக் காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. அவரவர் ஊர் உச்சிவேளைதான் அவரவர் 12 மணி.

ரயில் வந்ததும் தலைவலி ஆரம்பித்தது. பம்பாய் மணிக்கும் கல்கத்தா மணிக்கும் ஒரு மணி 2 நிமிட வித்தியாசம். கால அட்டவணையில் '10 மணி' என்று அச்சடித்தால், எந்த ஊர் 10 மணி? பயணி வண்டியைத் தவறவிடுவதோடு போனால் பரவாயில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஆளுக்கொரு மணியை நம்பினால் என்ன ஆகும்?

எல்லா ரயில்களுக்கும் ஒரே மணி வேண்டும் என்று ஆனபோது தேர்வானது தலைநகர் கல்கத்தாவின் மணி அல்ல, மெட்ராஸ் மணி. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில் மெட்ராஸ் இருந்தது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: மணியைச் சரிபார்த்துச் சொல்ல நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் இருந்தது. புயல் வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்களே, அதே மண்டல வானிலை ஆய்வு மைய வளாகம்தான். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாக நடத்திய கூடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கியைத் தாங்கிய 15 அடிக் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. தூணில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள்.

தூண் எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கடிகாரம் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும், வெயிலுக்கும் குளிருக்கும் ஊசல் நீண்டு சுருங்கி நாள் போகப் போகச் சில விநாடியாவது தப்பும். தப்பாத கடிகாரம் வானம் ஒன்றுதான். தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஒரு கற்பனைக் கோடு, அதாவது உச்சிக்கோடு, போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்சத்திரம் இன்று அந்தக் கோட்டைக் கடந்தால், சரியாக 23 மணி 56 நிமிடம் 4 விநாடி கழித்து மறுபடி கடக்கும். அதைப் பிடிக்க, வடக்கு தெற்காக மட்டும் மேலும் கீழும் அசையும் தொலைநோக்கி வேண்டும். பக்கவாட்டில் இம்மியும் நகரக் கூடாது. ஆள் நடக்கிற அதிர்வுகூட ஆகாது. அதனால்தான் இவ்வளவு கனமான கல்.

தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில், குறுக்கே சிலந்தி நூல் கட்டுவார்கள். அதைவிட மெல்லிய, நேரான இழை அப்போது கிடைக்கவில்லை. நட்சத்திரம் நகர்ந்து நூலை நோக்கி வரும். கண் நூலில் இருக்கும், காது கடிகாரத்தின் டிக் டிக்கில் இருக்கும். எண்ணிக்கொண்டே வந்து, எந்த இரண்டு 'டிக்'குகளுக்கு நடுவே நட்சத்திரம் நூலைத் தாண்டியது என்பதை விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை மனசாலேயே பிரித்துச் சொல்ல வேண்டும். கடிகாரம் எவ்வளவு தப்புகிறது என்று இதில் தெரிந்துவிடும். சரிபார்த்த மணி தந்திக் கம்பியில் ஏறி ஊர் ஊராகப் போகும். இந்தக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல், ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வந்திருக்கலாம்.

சரி, மெட்ராஸ் மணிக்கும் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வுக் கூட மணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது எப்படித் தெரிந்தது? தந்தியெல்லாம் வருவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. உதவியது வியாழன் கோள். அதன் நிலாக்கள் கோளின் நிழலுக்குள் புகுந்து மறைவது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் தெரியும். அது கிரீன்விச் மணிக்கு எப்போது நடக்கும் என்று அட்டவணை உண்டு. இங்கே எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று குறித்துக் கழித்தால் போதும். மெட்ராஸ் கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இப்படிப் பல கிரகணங்களைப் பார்த்து, 1802-ல் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி என்று முடிவு கட்டினார். நிலா பட்டென்று அணையாமல் மெல்ல மங்குவதால் துல்லியம் கொஞ்சம் அடிபடும். அவர் விடையில் பிழை 15 விநாடி. 15 விநாடி என்றால் தரையில் ஆறேழு கிலோமீட்டர். அவர் சொன்ன தீர்க்கரேகையை இன்றைய வரைபடத்தில் குறித்தால், புள்ளி மெரினாவைத் தாண்டிக் கடலில் விழுகிறது!

பம்பாய்க்காரர்களுக்கு மெட்ராஸ் மணி பிடிக்கவே இல்லை. 1881-ல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அதை ஊர் மணியாக்கப் பார்த்தார். சூரியக் கணக்கில் அரை மணி முன்னதாக எழுந்து வேலைக்கு வா என்றால் யார் ஒப்புவார்கள்? 1883-ல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

1906 ஜனவரி 1-ல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. மிர்சாப்பூர், காக்கிநாடா அருகே போகும் 82.5 பாகைக் கோட்டை வைத்து, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. மெட்ராஸுக்குச் சுமார் 9 நிமிட மாற்றம்தான், சத்தமில்லாமல் முடிந்தது. பம்பாயில் 39 நிமிடம். ஆலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பம்பாய் தன் பழைய மணியை 1955 வரைக்கும், கல்கத்தா 1948 வரைக்கும் விடவில்லை. கல்கத்தா மணிக்கும் திட்ட நேரத்துக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 24 நிமிடம், நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒரு நாழிகை.

அந்த 9 நிமிடம் இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:09-க்கு. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது என்பதால் நவம்பர் தொடக்கத்தில் 11:52-க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12:23 ஆகும். நவம்பரில் மழை மேகம் விடாது, அதனால் பிப்ரவரியில் பாருங்கள். மொட்டை மாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, காலை 11 மணிக்கு நிழலின் நுனி தொடும்படி குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். நிழல் குட்டையாகி, மறுபடி நீளும். சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால், 1:46 வாக்கில் நுனி திரும்பவும் வட்டத்தைத் தொடும். இரண்டுக்கும் நடு 12:23.