சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டரை அப்படியே ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

போன சீசனில் ஒரு சுழியோடி இரண்டு ரெகுலேட்டர்களை, அதாவது சிலிண்டர் வாயுவை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவிகளை, கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மறுநாள் காலை, கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு இறங்கப் போகிறார். இரண்டும் வேறோர் இடத்தில் சர்வீஸ் முடிந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது. இன்னும் தண்ணீரைக் காணவில்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு, சும்மா ஒருக்காப் பாருங்க அண்ணன்” என்றார்.

சிலிண்டரில் பூட்டும் பகுதி முதல் நிலை, வாயில் வைக்கும் பகுதி இரண்டாம் நிலை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைநிலை அழுத்தத்தைக் காட்டும் சின்ன கேஜை முதல் நிலையில் பொருத்தி சிலிண்டரைத் திறந்தேன். முதலாவது ரெகுலேட்டர் 9.5 பாரில் போய் நின்றது, அசையவில்லை. இரண்டாவதும் 9.5இல்தான் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் 10. ஐந்து நிமிடத்தில் 11ஐத் தாண்டியது. பத்தாவது நிமிடத்தில் இரண்டாம் நிலை தானாகவே சீறத் தொடங்கியது. அவர் முகம் மாறிவிட்டது.

நடந்தது இதுதான். முதல் நிலையின் வேலை, சிலிண்டரில் இருக்கும் 200 பார் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைப்பது. அதைக் குறைத்து நிறுத்தி வைப்பது ஒரு சிறிய பிளாஸ்டிக் சீட். அது உட்காரும் உலோக விளிம்பில் ஒரு கீறலோ உப்புத் துகளோ இருந்தால் வாயு கசிந்துகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான இரண்டாம் நிலைகள் அதிக அழுத்தம் வந்தால் திறந்து வெளியே விட்டுவிடும்படி செய்யப்பட்டவை. குழாய் வெடிக்காமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் கீழே இருப்பவருக்கு அது, வாயில் சீறிக்கொண்டு நிமிடக் கணக்கில் காலியாகும் சிலிண்டர்.

எச்எம்எஸ் ஹெர்மிஸ் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. இப்போது சுமார் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே இருபது நிமிடம் நின்றால், மேலே வர அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். இடையில் ஏதாவது பழுதானால் நேரே மேலே ஓடிவர முடியாது. உடலில் கரைந்த வாயு குமிழியாகி நரம்பைத் தாக்கும். பாசிக்குடாவில் 12 மீற்றரில் மீன் பார்க்கிறவருக்கு ரெகுலேட்டர் பழுது ஒரு தொந்தரவு. ஹெர்மிஸில் இருப்பவர் அதைக் கீழேயே தீர்த்தாக வேண்டும்.

ஆகவே ரெகுலேட்டர் வாங்கும்போது ‘எது மிக இலகுவாக மூச்சு தரும்’ என்பதோடு கேள்வியை முடிக்காதீர்கள். இன்று நல்ல கம்பனிகளின் மேல்தர மாடல்கள் எல்லாமே நன்றாக மூச்சு தருகின்றன. ஐரோப்பிய இஎன் 250 தரச் சோதனை 50 மீற்றருக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லீற்றர் மூச்சில் நடக்கிறது. ஒரு லீற்றர் மூச்சுக்கு ஆகும் உழைப்பு 3 ஜூலைத் தாண்டக்கூடாது. நாங்கள் போவது அந்த எல்லைக்கும் சற்றுக் கீழே. அங்கே மூச்சைக் கனமாக்குவது ரெகுலேட்டரைவிட வாயுதான். 53 மீற்றரில் சாதாரண காற்றின் அடர்த்தி லீற்றருக்கு 8 கிராம் அளவுக்கு வந்துவிடும். 5.2க்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்பதுதான் இன்று ஏற்கப்பட்ட அளவு. 18 வீதம் ஒட்சிசனும் 45 வீதம் ஹீலியமும் கலந்த ட்ரைமிக்ஸ் என்றால் அதே ஆழத்தில் 5 கிராம் அளவில் நிற்கும். ஹீலியத்துக்குக் காசு பார்த்துவிட்டு விலை உயர்ந்த ரெகுலேட்டர் வாங்கி ஈடுகட்ட முடியாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை.

நான் முதலில் கேட்பது: இதன் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா, பிரிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா? சர்வீஸ் கிட்டுக்காக ஒரு சீசனையே இழந்தவர்களைத் தெரியும். காத்திருக்க மனமில்லாமல் பழைய சீட்டோடேயே இறங்கியவர்களையும் தெரியும். அடுத்து, உங்களிடம் இருக்கும் எல்லா ரெகுலேட்டர்களும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒரே சீட், ஒரே ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), ஒரே கருவி. படகில் ஒன்று பழுதானால் இன்னொன்றைக் கழற்றி மாட்டலாம்.

குளிர்நாட்டுச் சுழியோடிகள் மூடிய டயப்ரம் (சவ்வு) வகையை உறைபனிக்குப் பயந்து வாங்குகிறார்கள். எங்கள் கடலில் தண்ணீர் 28 பாகை, உறைவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஆபெக்ஸ் டிஎஸ்டி, ஸ்கூபாப்ரோ எம்கே17 போன்ற மூடிய வகையையே நானும் சொல்வேன். காரணம் உப்பும் மணலும். ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் போகாது. எம்கே25 போன்ற பிஸ்டன் வகை அள்ளி அள்ளிக் காற்றுத் தரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பிரிங்கைச் சுற்றிக் கடல்நீர் வந்துபோகும். ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கழுவுகிறவருக்கே அது சரி. சிலிண்டரோடு சேரும் இணைப்பு, வால்வுக்குள் திருகிப் பூட்டும் டின் வகையாக இருக்கட்டும். ஓ-ரிங் வால்வுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் கப்பலின் இரும்பில் இடித்தாலும் பிதுங்கி வராது.

இரட்டைச் சிலிண்டரில் நீளக் குழாயை, அதாவது 2.1 மீற்றர் குழாயை, வலது வால்வில் போடுங்கள். கூரை போன்ற இடத்துக்குக் கீழே முன்னோக்கிப் போகும்போது இடது கைப்பிடி உரசினால் மூடிக்கொள்ளும் திசையில் சுழலும். வாயுவில்லாத நண்பருக்குக் கொடுக்கும் குழாய் அங்கே இருக்கக்கூடாது.

ஒட்சிசன் விஷயத்தை நிதானமாக வாசியுங்கள். மேலே வரும்போது 21 மீற்றரில் 50 வீதம் ஒட்சிசன் உள்ள நைட்ரொக்ஸும் 6 மீற்றரில் தூய ஒட்சிசனும் எடுப்போம். அந்த ரெகுலேட்டர்கள் ஒட்சிசனுக்கென்றே சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும். சாதாரண சிலிக்கன் கிரீஸ், எண்ணெய், தூசு எதுவானாலும் உயரழுத்த ஒட்சிசனில் தீப்பிடிக்கலாம். வால்வைப் படாரென்று திறந்தால் வாயு திடீரென அமுங்கிச் சூடேறும். அந்தச் சூடே போதும். எப்போதும் மெதுவாகத் திறங்கள். டைட்டேனியம் முதல் நிலையை இதற்குப் பாவிக்கவே கூடாது. ஒட்சிசன் ரெகுலேட்டரை ‘அவசரத்துக்கு’ என்று சாதாரண காற்றுச் சிலிண்டரில் மாட்டினால் கம்பிரசர் எண்ணெய் உள்ளே போயிருக்கலாம். திரும்பச் சுத்தம் செய்யும்வரை அது ஒட்சிசன் ரெகுலேட்டர் அல்ல.

குழாய்களைப் பற்றி ஒன்று. வெயில்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நைலோன் பின்னிய மெல்லிய குழாய்கள் வளைந்து கொடுக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் சிலவற்றின் உள்பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, உள்ளே மஞ்சள் படிகமாக இறுகிவிடுகிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். ஒருநாள் படிகம் பெயர்ந்து வந்து மூச்சை அடைக்கும். படகு மேல்தட்டில் வெயிலில் கிடந்த பின்னல் குழாயை நான் நம்புவதில்லை. ஆழத்துக்கு ரப்பர் குழாய்தான். அதிலும் இரு முனைகளின் உறையைத் தள்ளிப் பாருங்கள், வெடிப்பு முதலில் அங்கேதான் வரும்.

கழுவுவது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். முதல் நிலையின் வாயை அடைக்கும் மூடியைக் காயவைத்து இறுக்கி மாட்டாமல் வாளியில் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். முடிந்தால் சிலிண்டரில் மாட்டி, அழுத்தத்தோடு நன்னீரில் ஊறவிடுங்கள். அழுத்தம் இல்லாமல் ஊறும்போது இரண்டாம் நிலையின் முன்னாலுள்ள பேர்ஜ் பட்டனை அமுக்கினால் வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறும். முதல் நிலையின் வாயிலுள்ள வடிகட்டியையும் பாருங்கள். பச்சை என்றால் தண்ணீர் போயிருக்கிறது, செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு, கறுப்பு என்றால் கம்பிரசரைச் சந்தேகியுங்கள்.

இடைநிலை கேஜ் விலை கூடிய சாமான் அல்ல. மாதம் ஒருமுறை மாட்டிப் பத்து நிமிடம் பாருங்கள். 0.3 பாருக்கு மேல் ஏறினால் இறங்காதீர்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சிய வாயுவை விட்டு, வாயில் வைத்து உறிஞ்சுங்கள். எதுவும் வரக்கூடாது. வந்தால் வாய்த்துண்டு கிழிந்திருக்கலாம், டயப்ரம் ஓட்டையாகியிருக்கலாம்.

சர்வீஸ் பற்றி நான் சொல்ல விரும்புவது, அது ரெகுலேட்டரை முழுக்கக் கழற்றித் திரும்பச் சேர்க்கும் வேலை. செய்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் புது சீட் படிந்து உட்காரச் சில நாள் எடுக்கும், அழுத்தம் கொஞ்சம் நகரும். என் கையால் செய்ததற்கும் இதே விதிதான்: கேஜில் பத்து நிமிடம், அப்புறம் ஆழமில்லாத இடத்தில் இரண்டு இறக்கம், பிறகு மறுபடி கேஜ். அதன்பின்தான் ஹெர்மிஸ்.

அன்று அந்த ரெகுலேட்டரைத் திறந்து பார்த்தோம். சீட் புதியது. அது உட்காரும் விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல். கழற்றும்போது கருவி பட்டிருக்க வேண்டும். அவர் மறுநாள் படகில் ஏறவில்லை. விளிம்பு மாற்றக்கூடிய மாடல் என்பதால் மூன்று நாளில் பாகம் வந்தது. மாற்றிவிட்டு, கல்லடிக் கரையோரம் எட்டு மீற்றரில் இரண்டு தடவை இறங்கிப் பார்த்தோம். அடுத்த வாரம் படகில் வைத்து நானே கேஜை மாட்டினேன். பத்து நிமிடமும் முள் 9.4இல் நின்றது. அவர் இறங்கினார்.